ஓக் மரத்துக்குத் தென்னம் பாத்தி

ஓய்வு பெற்ற பிறகு பழைய வேலைத்தலத்தின் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன். போய் நின்றால் வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல், நமக்கும் மரியாதை இல்லை. ஆனால் போன வசந்தத்தில் அங்கே இருக்கும் இளையவர்கள் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். மரத்தைச் சுற்றி ஊசிகளை அடித்துக் கம்பிகளை மாட்டினால், உள்ளே எவ்வளவு உளுத்திருக்கிறது என்று திரையில் நிறம் நிறமாகக் காட்டுமாம். "செபா, நீ வெறும் சுத்தியலால் தட்டித்தானே சொல்வாய்? வந்து அந்தக் கதையைச் சொல்லு" என்றார்கள். செபமாலை என்ற என் முழுப் பெயரை இந்த நாட்டில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை.

போனேன். கோப்பியும் வாஃபலும் தந்தார்கள். சாப்பாட்டு அறையில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு, ரயில் ஏறி வெஸ்ட்லியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சொன்னது பாதிதான். மீதியைத் தமிழில் எழுதுவது நல்லது என்று பட்டது. எங்கள் ஆட்களில் பலர் நான் ஒஸ்லோவில் இத்தனை காலமும் பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர் இன்னும் மோசம். மரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு தாய் என்கிறார்கள், தெய்வம் என்கிறார்கள். எனக்கு அது சரிவராது. மரம் மரம்தான். அதை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல நாட்டின் வடக்கே மீன் தொழிற்சாலையில் சில காலம், ஒஸ்லோவில் உணவக அடுப்படியில் சில காலம். பிறகு நகரசபைப் பூங்காவில் புல் வெட்ட ஆள் தேவை என்றார்கள். புல்லில் தொடங்கி, செடிக்கு உயர்ந்து, மரத்தில் ஏறினேன். கயிற்றில் தொங்கிக் கிளை வெட்டும் படிப்பைப் படித்துச் சான்றிதழ் எடுத்தேன். பல வருடம் அதுதான் வேலை. முழங்கால் முனகத் தொடங்கியபோது மரப் பரிசோதகன் ஆக்கினார்கள். எந்த மரம் நிற்கலாம், எதற்குக் கிளை குறைக்க வேண்டும், எதை வெட்டி விழுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறவன்.

அந்த வேலையை எனக்குக் காட்டித் தந்தவர் என் மேலாளர் ரங்ஹில். நெடிய பெண். மேலுதட்டுக்குள் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் புகையிலை வைத்திருப்பார். புகையிலையால் பேச்சுக் குறைந்ததா, பேசப் பிடிக்காததால் புகையிலை வைத்தாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஒரு மரத்திடம் போனால் அவர் முதலில் செய்வது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. மரத்தைத் தொடக்கூடாது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நின்று முழுதாகப் பார்க்க வேண்டும். பிறகு கிட்டப் போய் ஒரு சுற்று, கண் நிலத்தில். அடியில் மண் வெடித்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா, யாராவது கிண்டியிருக்கிறார்களா? அடுத்த சுற்றில் தண்டு. அதற்கடுத்த சுற்று அண்ணாந்தபடி, கிளைகளுக்காக. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து கை வெளியே வரும், பையிலிருந்து சுத்தியலும் வரும்.

தட்டுவது கஷ்டமில்லை. சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கியவனுக்குப் பாதி வித்தை ஏற்கெனவே தெரியும். இறுகிய மரம் சத்தத்தைச் சட்டென்று நிறுத்திவிடும், உள்ளே பொந்தாகிக் கோறை விழுந்த மரம் சத்தத்தைக் கொஞ்சம் வைத்திருந்து திருப்பித் தரும். ஆனால் கோறை விழுந்ததெல்லாம் விழப்போகிற மரமல்ல. வெளிச்சுவர் தடிப்பாக இருந்தால் குழாய் போல நின்றுகொண்டே இருக்கும். இதைப் பழக எனக்குக் காலம் எடுத்தது.

ரங்ஹில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன பார்த்தாய்?"

"நோய் பிடித்த மரம்."

"அது தீர்ப்பு. நான் அதைக் கேட்கவில்லை. என்ன பார்த்தாய்?"

"வடக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் கறுப்பு ஈரம்."

"இப்போது சரி."

தீர்ப்பைக் கடைசியில் அவரே எழுதுவார். நான் பரிசோதகனாகிப் பல காலம் ஆன பின்னும் என்னிடம் தீர்ப்புக் கேட்டதில்லை. சில நாள் எரிச்சலாக இருக்கும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு தெருவில் எல்ம் மரங்களுக்கு நோய் வந்து அவற்றை வெட்ட வேண்டி வந்தது. அந்த நோய் வண்டினால் பரவும், வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும். அதனால் பச்சைப் பசேலென்று நிற்கிற மரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். கடைசி மரத்தின் கீழே ஒரு வயதானவர் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். எழும்ப மாட்டேன் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ரங்ஹில் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, தன் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அவர் குடித்து முடித்து எழும்பியதும் ரங்ஹில் கோப்பையை வாங்கி, கதிரையை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். மரம் அறுக்கும் சங்கிலி வாளை இயக்கினோம். அந்த மனிதர் பிறகும் போகவில்லை, எட்ட நின்று அழுதபடி பார்த்தார். அழுகிறவரை அழவிட்டு வேலையைச் செய்யலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

எங்களுக்குத் தலையிடி தந்தவை தெருமரங்களல்ல. நகரத்தின் கிழக்கில் நாங்கள் வேலை பார்த்த இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் பண்ணைகளாக இருந்தது. பண்ணைகள் போய்த் தொடர்மாடிகள் வந்துவிட்டன, ஆனால் முற்றத்து மரங்கள் அங்கங்கே நிற்கின்றன. பேரங்காடியின் கார்த் தரிப்பிடத்துக்கு நடுவில் ஒரு கிழட்டு லிண்டன் நிற்கும், அதனடியில் பழைய வீட்டின் அத்திவாரக் கல் கிடக்கும். அதைவிடப் பழையவை மண்மேடுகள். பார்த்தால் யாரோ லொறியில் மண் கொண்டுவந்து கொட்டிவிட்டு அள்ள மறந்துபோன மாதிரி இருக்கும். கிறிஸ்தவம் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய காலத்து ஆட்களை எரித்துப் புதைத்த மேடுகள் அவை. அவற்றுக்குப் பெயர்ப்பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான். யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. கோறை விழுந்த பழைய ஓக் மரங்களுக்கும் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு. மேட்டின் மேலேயே ஓக் நின்றால் இரண்டு சட்டமும் ஒரே இடத்தில் குந்திக்கொண்டு ஒன்றையொன்று முறைக்கும்.

அம்மருட் என்ற குடியிருப்பில் அப்படி ஒன்று இருந்தது. நாலு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு மேடு. அதன் சரிவில் ஒரு ஓக். கீழே பாலர் பாடசாலைக்குப் போகும் பாதை. மரம் பாதையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், ஆனால் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அந்தக் கோடை வரும்வரை.

அந்தக் கோடையில் மழை என்பதே இல்லை. புல் கருகி நிலம் வெடித்தது. ஒரு காலை ரங்ஹில் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு அது ஓய்வுக்கு முந்திய கடைசிக் கோடை.

"அம்மருட் ஓக்கைச் சுற்றித் தோண்டி மூடியிருக்கிறது. மெழுகுதிரி எரிகிறது. நாறுகிறது. யாரையோ புதைத்துவிட்டார்கள் என்று குடியிருப்பாளர் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மரத்தடியில் நிற்கிற மனிதர் தமிழ். போ."

போனால், மஞ்சள் நாடா கட்டி, இரண்டு பொலிஸ்காரர் நிற்கிறார்கள். பலகணிகளில் எல்லாம் தலைகள். நடுவில் அரைக்காற்சட்டையும் செருப்புமாகச் சூசைப்பிள்ளை அண்ணை. தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் கண்டு தலையசைக்கிற பழக்கம், அதற்கு மேல் இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதி ஆள். அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலையில் இருந்து ஓய்வெடுத்தவர். கையில் தண்ணீர்க் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நல்லகாலம் வந்தியள். நான் ஆரையும் கொல்லேல்லை எண்டு இவைக்குச் சொல்லுங்கோ."

"அப்ப என்னண்ணை தாட்டனீங்கள்?"

"மீன்தலை."

"என்ன?"

"மீன்தலையும் குடலும். ரெண்டு வாளி. கடைக்காரப் பொடியன் சும்மா தந்தவன். அதோட ஒரு பை உப்பும், கொஞ்சம் குழையும்."

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பொலிஸ்காரர் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இன்னொருமுறை சொன்னேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அவர்களுக்கு எப்படி விளங்கும்? தென்னை வாடினால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? மரத்தைச் சுற்றி வட்டமாக முழங்கால் ஆழத்துக்குக் கிண்டி, குறுக்கே வருகிற பழைய வேரை வெட்டி எறிந்து, மீன்கழிவும் உப்பும் பச்சிலைக் குழையும் போட்டு மூடித் தண்ணீர் கட்டுவார்கள். தென்னை அதைப் பொறுக்கும், புதுவேர் விட்டுக் காய்க்கும். சூசைப்பிள்ளை அண்ணை ஓக் மரத்துக்குச் செய்தது அச்சொட்டாக அதே வைத்தியம். வேலையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பாத்தி வட்டம் கவராயம் வைத்துக் கீறியது போல இருந்தது. பாதைப் பக்கம் மண் சரியாமல் கல் அடுக்கியிருந்தார்.

"மெழுகுதிரி எதுக்கு அண்ணை?"

"அது வேற கதை. கிண்டேக்க எலும்பு வந்தது. எரிஞ்ச எலும்பு, சின்னச் சின்னத் துண்டு. மனிசரோ மிருகமோ, எனக்கென்ன தெரியும்? மனிசர் எண்டே வைச்சுக்கொண்டன். எடுத்த இடத்திலயே வைச்சு மூடி, திரி கொளுத்திச் செபம் சொன்னனான். அதில என்ன பிழை?"

எலும்பு என்ற சொல்லையும் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர்களின் முகம் மாறியது. நான் அவசரமாக, இது பழைய புதைமேடு, தொல்லியல் ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்த தொல்லியலாளரைப் பார்த்துச் சூசைப்பிள்ளை அண்ணை வாயைப் பிளந்தார். தமிழ்ப் பிள்ளை. பெயர் நிரோஷா. இந்த நாட்டிலேயே, ஸ்தவாங்கர் நகரில் பிறந்து வளர்ந்தவள், தகப்பன் அங்கே எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளர். அவள் முழங்காலில் நின்று, சின்னக் கரண்டியால் மண்ணை எடுத்து, சல்லடையில் போட்டு அரித்தாள். எலும்புத் துண்டுகள் கரிந்து வெளிறியிருந்தன. அவற்றுக்குள் நீல நிறத்தில் ஒரு கண்ணாடி மணி.

"அங்கிள், இது சும்மா மண் இல்லை, கிராவ்ஹௌக். பழைய காலத்துப் புதைமேடு. ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும். மணி கிடக்குது, அப்ப பொம்பிளையா இருக்கலாம்."

"பேர் தெரியுமோ பிள்ளை?"

"பேரோ? அது ஒருத்தருக்கும் தெரியாது அங்கிள்."

"பேர் இல்லாமல் எப்பிடிப் பூசை ஒப்புக்குடுக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே, "அம்மருட் மேட்டில் உறங்கும் ஆன்மாவுக்காக" என்று பூசையில் வாசித்தார்கள். சுவாமியாரிடம் சூசைப்பிள்ளை அண்ணை என்ன சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாரோ தெரியாது. பொலிஸ் விவகாரம் சீக்கிரமே முடிந்துபோனது. அறியாமல் செய்தார், கண்டதை ஒளிக்கவில்லை, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார் என்று நிரோஷா எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

மரத்தின் விவகாரம் அப்படி முடியவில்லை.

பொலிஸ் வந்த அன்றே, கை கழுவ என்று சூசைப்பிள்ளை அண்ணையின் வீட்டுக்குப் போனேன். நாலாம் மாடி. யன்னலுக்கு நேரே ஒரு கட்டில், அதில் அவர் மனைவி பிலோமினா அக்கா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வரும். படுத்தபடி பார்த்தால் யன்னல் முழுவதும் ஓக் மரத்தின் தலை, வேறொன்றும் இல்லை. வறண்ட கோடையில் அதன் இலை பாதி மஞ்சளாகியிருந்தது.

"மரம் வாடுது எண்டு சொன்னவ" என்றார் சூசைப்பிள்ளை அண்ணை. "உவ ஒரு நாளைக்கு நாலு வசனம் கதைச்சால் பெரிய காரியம். அதில ஒண்டு இது. நான் பாத்துக்கொண்டிருக்கேலுமோ?"

அதுதான் முழுக் காரணம். அந்த மனுசிக்கு இருந்த உலகம் அந்த யன்னல் அளவு, அதை நிறைத்து நின்றது அந்த மரம்.

அடுத்த நாள் ரங்ஹிலும் நானும் போனோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றோம், சுற்றினோம். பாத்தியை நிரோஷா தன் கையாலேயே திறந்து தந்தாள், மீன்தலைகளை மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியில் அள்ளினாள். உப்புப் பட்ட மண்ணையும் எடுத்தோம். அப்போதுதான் வேர் தெரிந்தது. பாதைக்கு எதிர்ப்பக்கத்தில், அண்ணையின் கட்டடத்தைப் பார்த்த பக்கத்தில், கைத்தடிப்பு வேர்கள் கோடரியால் சீராக வெட்டப்பட்டிருந்தன. சாய்ந்து நிற்கிற மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்த வேர்கள் அவை. தென்னை என்றால் அடுத்த மாரியில் புதிதாக விட்டிருக்கும். ஓக் அப்படி விடாது.

சந்தேகம் வந்தால் இழுத்துப் பார்ப்போம். மரத்தின் நடு உயரத்தில் அகலப் பட்டி கட்டி, எஃகுக் கயிறு பூட்டி, கைச்சுழலியால் மெல்ல இழுப்பது. அடியில் அசைவு காட்டும் மானி வைத்திருப்போம். மரத்தை அசைக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது, அது எப்படி அசையப் பார்க்கிறது என்று அறிகிற அளவுக்குத்தான். மற்றப் பக்கங்களில் மானி அசையவே இல்லை. பாதைப் பக்கம் இழுத்தபோது முள் கிடுகிடுவென்று ஏறியது. ரங்ஹில் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

மேட்டின் அடியில் மூன்று பேரும் நின்று பேசினோம். நிரோஷா நேரே சொன்னாள்.

"இலையுதிர்காலக் காற்றுக்கு இந்த மரம் விழுந்தால் தனியாக விழாது. வேர்த்தட்டு முழுவதையும் கிளப்பிக்கொண்டுதான் விழும். புதைகுழி இரண்டாகக் கிழிந்துவிடும். கீழே பிள்ளைகள் நடக்கிற பாதை வேறு. இப்போதே நிலத்தோடு வெட்டிவிட்டு அடிக்கட்டையை விடுங்கள்."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அவள் காக்க வந்தது அந்தக் குழியை. நான் காக்க வந்தது மரத்தை. அவளுக்குக் கோபம் இல்லை, எனக்கும் இல்லை, ஆனால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

ரங்ஹில் என்னிடம் திரும்பினார். "என்ன பார்த்தாய்?"

சொன்னேன். எந்தப் பக்கம் வேர் இல்லை, எந்தப் பக்கம் இருக்கிறது, தண்டின் சுவர் எவ்வளவு தடிப்பு, தலை எவ்வளவு காற்றைப் பிடிக்கும் என்று எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். வழக்கமாக அந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும். அன்று முடியவில்லை.

"என்ன செய்யலாம்?" என்றார்.

இத்தனை வருடத்தில் முதல்முறை. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவனுக்கு அது வந்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை.

"தலையில் மேற்பக்கமாக மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் மிச்ச வேர் தாங்கும். மரம் பிழைக்கும். குழியும் பிழைக்கும்."

"விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டாள் நிரோஷா.

"நான்."

அவள் மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள். வாகனம் எதுவும் மேட்டில் ஏறக் கூடாது, வெட்டுகிற கிளை ஒன்றும் தொப்பென்று விழக் கூடாது, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், பாத்தியைத் தானே மூடுவாள். இவ்வளவும் சரியென்றால் தனக்கும் சரி என்றாள்.

அன்று பின்னேரம் மறுபடி நாலாம் மாடிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, என் தலையைப் பிலோமினா அக்காவின் தலையணை உயரத்துக்குத் தாழ்த்தி, யன்னலால் பார்த்தேன். எந்த இடத்தில் வெட்டு விழும் என்பது எனக்குத் தெரியும். அதற்குக் கீழே இருக்கிற எதுவும் அங்கிருந்து தெரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒரு கொப்பாவது மிஞ்சுமா என்று. மிஞ்சாது.

எழும்பி நின்று சொன்னேன். "அண்ணை, மரம் நிக்கும். ஆனா தலையை எடுக்கவேணும். எடுத்தால் இந்த யன்னலில மரம் தெரியாது."

அவர் யன்னலடிக்குப் போய் மரத்தைப் பார்த்தார். பிறகு, "இந்தப் பக்கத்தில ஒரு கொப்பை மட்டும் விடேலாதோ தம்பி? ஒண்டே ஒண்டு. உவ பாக்கத்தானே" என்றார்.

"விட்டால் காத்து அந்தக் கொப்பிலதான் பிடிச்சு உலுப்பும். இந்தப் பக்கத்தில இழுத்துப் பிடிக்க வேர் இல்லை, அண்ணை."

"இந்தப் பக்கத்து வேர்... நான் வெட்டினது."

"ஓம்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழை இல்லாததால் என்று சொல்லியிருக்கலாம். கேட்டதற்குக் கண்டதைச் சொல்லிப் பழகிய வாய், ஓம் என்று சொல்லிவிட்டது. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பிலோமினா அக்கா எங்களுக்கு நடுவே யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நான் நினைக்கவில்லை.

"நான்... பாத்தது... போதும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அது... நிக்கட்டும்."

செப்டெம்பரில், காற்றுக் காலம் தொடங்குமுன் வெட்டினோம். ஏறுகிற வேலை என்னுடையது அல்ல. என் வயதில் யாரும் அனுப்பவும் மாட்டார்கள். ஆனாலும் நான் ஏறட்டுமா என்று ரங்ஹிலிடம் கேட்டேன். என் முழங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சரி என்றார். உயரத்துக் கொப்புகளைக் கைவாளால் வெட்டினேன், சங்கிலி வாளின் இரைச்சல் அந்த யன்னலுக்கு வேண்டாம் என்று. கட்டி இறக்கிய ஒவ்வொரு கொப்பையும் கீழே இரண்டு பேர் ஏந்தினார்கள். மேட்டில் ஒரு புல்லும் நசுங்காமல் நிரோஷா நின்று பார்த்துக்கொண்டாள். நல்ல வேலை. அந்த ஓக் இன்றைக்கும் நிற்கிறது. வெட்டிய இடங்களுக்குக் கீழே அடர்த்தியாகத் தளிர் விட்டிருக்கிறது.

நான் தொங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே யன்னல். பிலோமினா அக்கா முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கொப்பை வெட்டி இறக்கியபோது வெயில் தடையில்லாமல் அறைக்குள் போய் அவர் முகத்தில் விழுந்தது. நல்ல கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். அந்த அறைக்குள் அவர் அப்படிக் கண்ணை மறைக்க வேண்டி வந்தது அதுவரை இருந்திராது. நான் கயிற்றைத் தளர்த்தி இறங்கினேன்.

கருவிகளைக் கட்டி ஏற்றிவிட்டு மேலே போனேன். போகாமல் வந்துவிடலாம் என்றும் நினைத்தேன். சூசைப்பிள்ளை அண்ணை கதவைத் திறந்தார். கட்டில் யன்னலைப் பார்த்து இல்லை. திருப்பிப் போட்டிருந்தார், வாசலைப் பார்த்தபடி.

"வெய்யில் கண்ணுக்குள்ள குத்துது எண்டவ" என்றார். "திருப்பிவிட்டன். இனி வாற ஆக்களை எண்டாலும் பாக்கட்டும்."

வாசலில் நின்றது நான்தான். தலைமயிரில் மரத்தூள், கையில் மரக்கறை.

"வாங்கோ" என்றார் பிலோமினா அக்கா.

கதிரை போட்டுத் தந்தார்கள். தேநீர் வந்தது. அக்கா தலையணையில் தலையைச் சாய்த்து, முன்பு யன்னலைப் பார்த்தது போலவே, என்னை அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்தார், பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிப்போனது. எடுத்துக் குடித்தால் அசைய வேண்டிவரும் என்று நான் அப்படியே இருந்தேன்.